அழுகிய கத்திரிக்காயின் அடிப்பக்கம்



2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு மாணவி, அழுகிக் கிடந்த கத்திரிக்காய் ஒன்றின் அடிப்பக்கத்திலிருந்து மாதிரி எடுத்தார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று அதில் கிடைத்தது. ‘மட்டி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சேறு பூசியது என்று அர்த்தம். பெயர் வைத்த கையோடு அது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் குளிர்பெட்டிக்குள் போய்விட்டது. 2018 ஜூன் மாதம் லண்டனில், கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில், எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு படுத்திருந்த ஓர் இளம் பெண்ணின் ரத்தக்குழாயில் அதே வைரஸ் ஏற்றப்பட்டது. அவர் தேறினார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ‘பாருங்கள், குப்பையில் மாணிக்கம்!’ எனக்கு அதில் சம்மதம் இல்லை. கத்திரிக்காய்க்கும் அந்த ரத்தக்குழாய்க்கும் நடுவே நடந்த வேலையைச் சொல்லாமல் விட்டால் கதையே பொய்யாகிவிடும். மண்ணில் வைரஸ் கிடைப்பது பெரிய விஷயமே இல்லை. தேடினால் யாருக்கும் கிடைக்கும். கிடைத்ததைச் சுத்தம் செய்து, எண்ணி, படம் பிடித்து, அதன் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்து, எங்கே எப்போது எடுத்தது என்ற குறிப்போடு பத்திரமாக வைத்திருந்தார்களே, அதுதான் பெரிய விஷயம். அதைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கல்லூரி முதலாண்டு மாணவர்கள். இன்றைய பேச்சு அவர்கள் செய்த அந்த வேலையைப் பற்றியது.

முதலில் வைரஸைப் பற்றி இரண்டு வார்த்தை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் ஃபேஜ் என்றே சொல்வார்கள். ஒரு தலை, பெரும்பாலும் ஒரு வால். தலைக்குள் டி.என்.ஏ. சுருண்டு கிடக்கும். வால் நுனி பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொள்ளும், டி.என்.ஏ. உள்ளே இறங்கும், பாக்டீரியாவின் உடம்பே புது ஃபேஜ்களைச் செய்து தரும் பட்டறையாக மாறும். கடைசியில் பாக்டீரியா வெடிக்கும். பல பத்து, சில சமயம் நூறு ஃபேஜ்கள் வெளியே வரும். பூமியில் மொத்தம் எத்தனை ஃபேஜ் இருக்கலாம் என்று கேட்டால், 1-க்குப் பின்னால் 31 சுழியம் போடுங்கள் என்கிறது இப்போதைய மதிப்பீடு. எண்ணிக்கையில் பார்த்தால் இந்த உலகம் அவற்றுடையது.

இவற்றை 1915-இல் பிரிட்டனில் ஃபிரெடெரிக் ட்வோர்ட் கண்டார். 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் தெரெல் தனியாகக் கண்டு பெயரும் கொடுத்தார். அதற்கும் முன்னால், 1896-இல், ஆக்ராவில் அரசாங்க வேதியியல் பரிசோதகராக இருந்த எர்னெஸ்ட் ஹான்கின் கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகள் சாகின்றன என்று எழுதினார். அது ஃபேஜின் வேலைதானா என்பது விவாதத்துக்குரியது. கங்கையின் மகிமைக்குச் சான்றாக அதை மேடைக்கு மேடை எடுத்து வீசுவோரிடம் கொஞ்சம் நிதானம் கேட்டுக்கொள்கிறேன்.

பெனிசிலின் முதலான மருந்துகள் வந்தபிறகு மேற்கு நாடுகளின் மருத்துவம் ஃபேஜைக் கைவிட்டது. ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் எலியாவா நிறுவனம் அதை விடாமல் நடத்தியது. மருத்துவர்கள் கைவிட்டதை உயிரியலாளர்கள் கையில் எடுத்தார்கள். மரபுப் பொருள் புரதமா, டி.என்.ஏ.வா என்ற கேள்விக்கு 1952-இல் ஹெர்ஷியும் சேஸும் விடை தேடியது ஃபேஜை வைத்து, சமையலறை மிக்ஸி போன்ற ஒரு கருவியின் உதவியோடு. முதன்முதலில் முழுதாகப் படிக்கப்பட்ட டி.என்.ஏ. ஜீனோம் (மரபணுத் தொகுப்பு), 1977-இல், ஒரு ஃபேஜினுடையது. மரபணுப் பொறியியலின் கத்திரிகள் பலவும் ஃபேஜோடு பாக்டீரியா நடத்திய சண்டையிலிருந்து நமக்குக் கிடைத்தவை. ஆனாலும் வெளியே காட்டில், வயலில், சாக்கடையில் இருக்கும் ஃபேஜ்கள் எப்படிப்பட்டவை என்பது கடந்த நூற்றாண்டின் இறுதிவரை ஏறத்தாழ யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடங்களில் வளர்த்த பத்துப் பதினைந்து ஃபேஜ்களைத்தான் உலகமே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் பிட்ஸ்பர்க்கின் கிரகாம் ஹேட்ஃபுல் வருகிறார். காசநோய்க் கிருமியின் உறவுக்காரப் பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்களைப் படித்துவந்தவர். அவருக்கு நிறைய ஃபேஜ்கள் தேவைப்பட்டன; தேடுவதற்கு ஆள் போதவில்லை. 2002-இல் பள்ளி மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும் கூட்டிவைத்து ஃபேஜ் வேட்டை தொடங்கினார். மாணவர்களுக்கு அறிவியல் கற்றுக்கொடுக்கும் திட்டமாக அதைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அதை ஒரு விஞ்ஞானியின் தேவையாகவும் பார்க்கிறேன். அதனால்தான் அது உயிரோடு இருந்தது. 2008-இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனத்தின் ஆதரவோடு ‘சீ-ஃபேஜஸ்’ என்ற பெயரில் கல்லூரிகளுக்குப் பரவியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களின் பாடமாகவே நடக்கிறது: முதல் பருவத்தில் கண்டுபிடிப்பு, இரண்டாம் பருவத்தில் ஜீனோம்.

எந்தப் பாக்டீரியாவை இரையாக வைப்பது? காசநோய்க் கிருமியை மாணவர் கையில் கொடுக்க முடியாது. அது ஆபத்தானது, தவிர சோம்பேறி. ஒரு தடவை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதன் சாதுவான உறவினர் மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ். மண்ணில் வாழ்வது, நோய் தராதது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பது. திங்கட்கிழமை தட்டில் ஊற்றினால் புதன்கிழமை வகுப்புக்கு விடை தயாராக இருக்கும். ஒரு பாடத்திட்டம் வெற்றி பெறுவதும் தோற்பதும் பல சமயம் இப்படிப்பட்ட அற்ப விஷயங்களில்தான் முடிவாகிறது.

இப்போது வேலைக்கு வருவோம். மாணவர் ஒரு குழாயில் மண் எடுக்கிறார். எந்த மண் வேண்டுமானாலும் எடுக்கலாம். காய்ந்த மணலைவிட ஈரமும் மக்கிய இலையும் உள்ள மண் நல்லது. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, எவ்வளவு ஆழத்தில் எடுத்தது, அன்றைய வெயில் எத்தனை டிகிரி, எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுத வேண்டும். ‘வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம்’ என்று நினைத்தவரின் ஃபேஜுக்கு ஊர் இருக்காது.

மண்ணில் திரவம் ஊற்றிக் குலுக்கி, தெளிந்ததை 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டியில் செலுத்துகிறார்கள். பாக்டீரியா அதில் நின்றுவிடும், ஃபேஜ் நழுவிப் போகும். வடிந்ததை நேரே ஸ்மெக்மாட்டிஸோடு கலந்து தட்டில் ஊற்றிப் பார்க்கலாம். கிடைப்பது அபூர்வம், ஒரு பிடி மண்ணில் அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் சிலவே இருக்கும். ஆகவே இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள்: வடிந்ததோடு சத்துநீரும் ஸ்மெக்மாட்டிஸும் சேர்த்துச் சில நாள் குலுக்கிக்கொண்டே இருப்பது. ஒரே ஒரு ஃபேஜ் இருந்தாலும் அது தன் இரையைத் தின்று கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். பிறகு வடிகட்டி, புதிய பாக்டீரியாவோடு இளஞ்சூடான அகாரில் கலந்து, பெட்ரி தட்டில் பரப்பி, 37 டிகிரியில் வைக்கிறார்கள்.

ஓரிரு நாளில் தட்டு முழுக்கப் பாக்டீரியா பால் போலப் படர்ந்திருக்கும். நடுவில் அங்கங்கே வெற்று வட்டங்கள் தெரியும். அந்த வட்டத்துக்கு ஆய்வுக்கூடத்தில் பிளேக் என்று பெயர். ஒரு ஃபேஜ் விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்து, அக்கம்பக்கத்தவையும் செத்து, கண்ணுக்குத் தெரியும் ஓட்டையாகியிருக்கிறது. எத்தனையோ கோடிப் பேர் சேர்ந்தால்தான் கண்ணில் படும் ஒரு பிறவியின் சுவடு அது.

மாணவர்கள் இந்த இடத்தில் துள்ளிக் குதிப்பார்கள். குதிக்கட்டும். ஆனால் இதுவரை அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த வட்டத்துக்குள் ஒரே வகை ஃபேஜ்தான் இருக்கிறதா, இரண்டு மூன்று கலந்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்? சில சமயம் அது ஃபேஜே இல்லை, அகாரில் எழுந்த காற்றுக் குமிழி. ஆகவே ஒரே ஒரு பிளேக்கைப் பிப்பெட் நுனியால் தொட்டு, திரவத்தில் கலக்கி, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மறுபடி தட்டில் ஊற்ற வேண்டும். மறுபடி ஒரு பிளேக். மறுபடி நீர்ப்பு. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பிளேக்குகளும் ஒரே அளவாக, ஒரே முகமாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று சுற்று. ஒரு சுற்றில் அசட்டையாக இருந்தவர் மாதக் கடைசியில் முதல் வாரத்துக்கே திரும்பி நிற்பார். பாடத்தின் முதுகெலும்பே இந்தச் சலிப்பூட்டும் பகுதிதான் என்பேன். ஜீனோமைப் படித்தபிறகு அதில் இரண்டு ஃபேஜ் கலந்திருப்பது தெரியவந்தால் செலவழித்த பணமும் போச்சு, பருவமும் போச்சு.

பிளேக்கின் முகத்திலேயே நிறைய சேதி இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால், உள்ளே நுழைந்த ஃபேஜ் எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றிருக்கிறது. நடுவே மங்கலாக இருந்தால், சில பாக்டீரியா பிழைத்திருக்கின்றன. ஏன் பிழைத்தன? சில ஃபேஜ்கள் உடனே கொல்வதில்லை, தங்கள் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுப் பதுங்கிக்கொள்ளும். கொல்லும் மரபணுக்கள் கிளம்பாதபடி அமுக்கிப் பிடிக்க ஒரு புரதத்தை அந்த ஃபேஜே செய்துகொண்டிருக்கும். அதே வகை ஃபேஜ் வெளியிலிருந்து வந்தால் அதையும் அந்தப் புரதம் அமுக்கிவிடும். வீட்டுக்குள் ஒரு திருடன் குடியிருந்தால் அடுத்த திருடனுக்கு அங்கே வேலை இல்லை. இந்தப் பதுங்கும் குணத்தை நினைவில் வையுங்கள். லண்டனில் இது மறுபடி வரும்.

ஃபேஜ் சுத்தமானதும் எண்ண வேண்டும். இது பள்ளிக் கணக்குத்தான். பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 10 மைக்ரோலிட்டர் ஊற்றிய தட்டில் 45 பிளேக் என்றால், மூலத் திரவத்தின் ஒரு மில்லிலிட்டரில் 450 கோடி ஃபேஜ். அடுக்குக்குறி எண் எதற்கு என்று பள்ளியில் அலுத்துக்கொண்டவர்கள் இங்கே ஒரு சுழியத்தை விட்டுவிட்டால் அடுத்த வாரத்துப் பரிசோதனை மொத்தமும் கவிழும். பிறகு தட்டுகளைத் திரவத்தில் நனைத்து அடர்த்தியான ஃபேஜ் சாறு தயாரித்து, அதிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, வெட்டு நொதிகளால் துண்டாக்கி ஜெல்லில் ஓட்டிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் சாறு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகிறது. யுரேனைல் அசிடேட் என்ற கனமான உப்பைச் சுற்றிலும் பூசிப் படம் எடுத்தால், கறுத்த பின்னணியில் வெளுத்த தலையும் வாலும் தெரியும். தன் பெயர் போட்ட ஒரு வைரஸின் படத்தை முதன்முறை பார்க்கும் பதினெட்டு வயதுக்காரரின் முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பெயர் வைக்கும் உரிமை கண்டெடுத்தவருடையது. அதன் விளைவு: ரோஸ்புஷ், பார்ன்யார்ட், கார்ன்டாக் என்று ரோஜாச்செடியும் தொழுவமும் தின்பண்டமும் அறிவியல் இதழ்களில் உலவுகின்றன. பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், மறந்துபோகும் எண்ணைவிட மறக்காத பெயர் மேல்.

இரண்டாம் பருவத்துக்குப் போவோம். எல்லோருடைய ஃபேஜையும் படிக்கப் பணம் பற்றாது. வகுப்பிலிருந்து ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். திரும்பி வருவது நான்கே எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட சரம். மைக்கோபாக்டீரியா ஃபேஜ்களில் அது ஏறத்தாழ 40,000 எழுத்திலிருந்து 1,60,000-க்கும் மேல் வரை போகும். இதில் மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, என்ன வேலை செய்கிறது என்று குறிக்க வேண்டும். கணினி முதல் கணிப்பைச் சொல்லிவிடும். ஆனால் கணினி சொன்னதை ஒவ்வொன்றாக ஏற்பதும் மறுப்பதும் மாணவர் பொறுப்பு.

ஓர் உதாரணம் தருகிறேன். ஃபேஜுக்கு இடம் குறைவு. தலைக்குள் அடங்கும் அளவு டி.என்.ஏ.வில் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஆகவே மரபணுக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பல இடங்களில் ஏ-டி-ஜி-ஏ என்ற நான்கெழுத்தில் இரண்டு மரபணு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்: ஏ-டி-ஜி பின்னவனின் தொடக்கம், டி-ஜி-ஏ முன்னவனின் முடிவு. கணினி தொடக்கத்தை வேறிடத்தில் போட்டு, நடுவே ஓர் இடைவெளியை விட்டிருந்தால், மாணவர் அதைப் பார்த்து, ‘இல்லை, தொடக்கம் இங்கே’ என்று காரணத்தோடு மாற்றலாம். அந்த மாற்றம் ஜீன்பேங்க் என்னும் உலகப் பொதுச் சேமிப்பில் ஏறும். விடைத்தாளில் மதிப்பெண்ணாக முடிந்துபோகும் வேலை இல்லை இது. நாளைக்கு ஜப்பானிலோ பிரேசிலிலோ ஒருவர் அதை நம்பி அடுத்த அடி வைப்பார். தப்பாகக் குறித்தால் அவரும் தப்பான அடிதான் வைப்பார்.

இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. நீள வால் ஃபேஜ்களில் வால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அளந்து கொடுக்க ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதம் நீளமாக இருந்தால் வாலும் நீளம். ஒரு அமினோ அமிலத்துக்கு ஏறக்குறைய 0.15 நானோமீட்டர் என்று கணக்கு. ஜீனோமில் மிக நீளமான மரபணு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 3,600 எழுத்து மரபணு என்றால் 1,200 அமினோ அமிலம். வால் சுமார் 180 நானோமீட்டர். முதல் பருவத்தில் எடுத்த நுண்ணோக்கிப் படத்தை எடுத்து, அளவுகோல் வைத்து வாலை அளந்தால் ஒத்துவரும். எழுத்தாக இருப்பதும் உருவமாக இருப்பதும் ஒன்றுதான் என்பதை இதைவிட அழகாக எந்தப் பாடப்புத்தகமும் காட்டியதில்லை. இந்த மரபணுவுக்குச் சற்று முன்னால் இன்னொரு குறும்பு இருக்கும். ஒரே இடத்திலிருந்து, படிக்கும் வரிசை ஓர் எழுத்து வழுக்கி, இரண்டு விதப் புரதம் உண்டாகும். கணினி அதைத் தவறவிடுவது வழக்கம். வகுப்பில் கூர்மையான ஒரு கண் பிடித்துவிடும்.

எல்லாம் முடிந்தபிறகும் மரபணுக்களில் பெரும்பகுதிக்கு எதிரே ‘வேலை தெரியவில்லை’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். முதலாண்டு மாணவருக்கு இதைவிட நல்ல கல்வி இல்லை. நம் செய்முறைத் தேர்வுகளில் விடை ஆசிரியரின் பையில் இருக்கிறது; கிராம் சாயம் ஏற்றினால் ஊதா வரவேண்டும் என்று சாயம் ஏற்றும் முன்பே தெரியும். ஊதா வராவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. ஃபேஜ் வகுப்பில் பக்கத்து மேசையில் இருப்பது வேறொரு ஃபேஜ். காப்பியடிக்க வழியில்லை! இந்தப் பாடத்தில் படித்தவர்கள் அறிவியலிலேயே தொடரும் எண்ணத்தில் உறுதியாக நிற்கிறார்கள் என்று 2017-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. எனக்கு அதில் வியப்பில்லை.

சரி, இப்படிச் சேர்த்ததால் அறிவியலுக்கு என்ன கிடைத்தது? 2003-இல் ‘செல்’ இதழில் ஹேட்ஃபுல் குழுவினர் புதிதாக 10 ஃபேஜ்களின் ஜீனோமைப் படித்து, முன்பே தெரிந்த 4-உடன் வைத்து ஒப்பிட்டார்கள். ஃபேஜ்களுக்கு நேரான வம்சாவளி கிடையாது என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் பல இடங்களிலிருந்து வாங்கிய மரபணுத் துண்டுகளின் தொகுப்பு. பக்கத்துப் பக்கத்து மரபணுக்களுக்கே வேறு வேறு பூர்வீகம். 2015-இல் 627 ஃபேஜ்களை ஒப்பிட்ட கட்டுரை, பிரிவுகளுக்கு நடுவே நாம் போட்ட வேலிகள் பல இடங்களில் மங்கலானவை என்று காட்டியது. அந்தக் கட்டுரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் கொண்ட ஆய்வுக்கூடம் எதுவும் 627 மண்ணைத் தொட்டிருக்க முடியாது.

2003-இன் அந்தப் பத்தில் மூன்றின் பெயரைச் சொல்கிறேன், கேளுங்கள்: சி.எச்.ஈ.8, சி.எச்.ஈ.9சி, சி.எச்.ஈ.9டி. மூன்றும் சென்னையில் எடுத்த மாதிரிகளிலிருந்து வந்தவை. பெயரிலேயே ஊர் இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்தாரும் சென்னையிலேயே சி.எச்.ஈ.12 என்ற ஃபேஜை எடுத்து 2007-இல் விவரித்தார்கள். காசநோய்க் கிருமியையே தாக்கிப் பதுங்கக்கூடியது அது. மின்மினிப் பூச்சியின் ஒளி மரபணுவை ஃபேஜில் ஏற்றி, நோயாளியின் கிருமி மருந்துக்குச் சாகிறதா இல்லையா என்பதை வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முயற்சிகளும் அங்கே நடந்தன. இதை உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தச் சென்னை ஃபேஜ்களில் ஒன்று லண்டன் கதைக்குள் நுழைந்திருக்கிறது. நான் பார்த்த எந்தச் செய்தித்தாளிலும் அது வரவில்லை.

லண்டனுக்கு வருவோம். நோயாளிக்கு 15 வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். இரண்டு நுரையீரலையும் மாற்றியிருந்தார்கள். மாற்று உறுப்பை உடம்பு ஏற்க வேண்டும் என்பதற்காக எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தணித்திருந்தார்கள். அந்த நிலையில் மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி அறுவைப் புண்ணிலும் ஈரலிலும் தோலிலும் பரவிவிட்டது. எந்த ஆண்டிபயாட்டிக்கும் கேட்கவில்லை. அதே மருத்துவமனையில் அதே வகைத் தொற்றோடு இன்னொரு பதின்ம வயது நோயாளியும் இருந்தார். 2017 இறுதியில் இருவருடைய கிருமிகளும் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டன. இரண்டாமவருக்கு ஃபேஜ் கிடைப்பதற்குள் அவர் இறந்துவிட்டார்.

குளிர்பெட்டியைத் திறந்து தேடினார்கள். சேர்த்துவைத்த ஃபேஜ்கள் எல்லாம் ஸ்மெக்மாட்டிஸில் வளர்ந்தவை. அப்செசஸைத் தாக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எதை எடுத்துச் சோதிப்பது? எந்த ஃபேஜ் எந்தக் குடும்பம், எது நெருங்கிய உறவு என்று மாணவர்கள் குறித்துவைத்த பட்டியல் அப்போது கைகொடுத்தது. அந்தப் பெண்ணின் கிருமியை நன்றாகக் கொன்றது ஒன்றே ஒன்று, மட்டி. ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி தப்ப வழி தேடிக்கொள்ளும். காசநோய்க்கு ஒற்றை மருந்து கொடுக்கக் கூடாது என்பதற்குள்ள அதே காரணம். இன்னும் இரண்டு வேண்டும். பிட்ஸ்பர்க்கில் கிடைத்த பி.பி.எஸ்., ராட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் கிடைத்த ஸோயி-ஜே இரண்டும் அந்தக் கிருமிக்குள் நுழைந்தன; ஆனால் இரண்டும் பதுங்கும் ரகம். பதுங்கிக்கொள்ளும் ஃபேஜ் மருந்தாகாது. அமுக்கிப் பிடிக்கும் புரதத்தின் மரபணுவை இரண்டிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். பி.பி.எஸ்ஸில் அது 33-ஆம் மரபணு, ஸோயி-ஜேயில் 45-ஆம் மரபணு. மாணவர் வகுப்பறைகளில் எண் போட்ட மரபணுக்கள்! பி.பி.எஸ்ஸுக்கு இன்னொரு வேலையும் நடந்தது: அந்தக் கிருமியை இன்னும் நன்றாகத் தாக்கும் பிறழ்வு ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள்.

வெட்டிய கத்தி எது? ஃபேஜின் ஜீனோமில் குறித்த இடத்தை மட்டும் நீக்க அந்தக் குழு 2008-இல் உருவாக்கிய முறை ஒன்று உண்டு. மைக்கோபாக்டீரியாவுக்குள் டி.என்.ஏ.வை ஒட்டி மாற்றக்கூடிய இரண்டு புரதங்கள் இல்லாமல் அந்த முறை நடக்காது. அந்த இரண்டும் சி.எச்.ஈ.9சி-யின் 60-ஆம், 61-ஆம் மரபணுக்களிலிருந்து எடுக்கப்பட்டவை. சென்னை மாதிரியிலிருந்து வந்த ஃபேஜ், பிட்ஸ்பர்க் ஃபேஜையும் பிராவிடென்ஸ் ஃபேஜையும் திருத்திக்கொடுத்தது. டர்பன் ஃபேஜோடு சேர்ந்து மூன்றும் லண்டனில் ஒரு பெண்ணின் உடம்புக்குள் போயின. நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒவ்வொரு ஃபேஜும் 100 கோடி. சென்னை மாதிரியை எடுத்த நாளில் யாராவது, ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டிருந்தால் எடுத்தவரிடம் பதில் இருந்திருக்காது. குறித்துவைத்தார்கள், அதுதான் செய்தார்கள்.

புண் மூடியது. தோல் கட்டிகள் மெல்லக் கரைந்தன. ஈரலும் நுரையீரலும் தேறின. 2019 மே மாதம் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் கட்டுரை வந்தது. முற்றிலும் குணமாகிவிட்டது என்று அது சொல்லவில்லை; ஒரே ஒரு நோயாளி, ஒப்பிட யாரும் இல்லை, ஃபேஜால்தான் தேறினார் என்று அடித்துச் சொல்லவும் முடியாது என்பதை ஆசிரியர்களே ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு வேறு மருந்து இல்லாத 20 நோயாளிகளுக்கு இதே குழுவினர் ஃபேஜ் தந்தார்கள். 11 பேருக்குப் பலன் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பலன் இல்லை, அல்லது தெளிவாகத் தெரியவில்லை. 81 வயது நோயாளி ஒருவருக்குத் தொடக்கத்தில் கிருமி குறைந்து, இரண்டு மாதத்தில் உடம்பே ஃபேஜுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி அதைச் செயலிழக்கச் செய்துவிட்டது. அப்செசஸில் காலனி வழவழப்பாக வளரும் ரகம் ஒன்று இருக்கிறது. அந்த ரகத்தில் சோதித்த எதையும் எந்த ஃபேஜாலும் ஒழுங்காகக் கொல்ல முடியவில்லை. ஆளுக்கு ஆள் கிருமி வேறு, கிருமிக்குக் கிருமி ஃபேஜ் வேறு. ‘ஆண்டிபயாட்டிக்குக்கு மாற்று வந்துவிட்டது’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் தகவலை அனுப்புவதற்கு முன் இந்தப் பத்தியையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த வரம்புகளே இன்னும் நிறைய ஃபேஜ் வேண்டும் என்பதற்கும் காரணம். ஆக்டினோபாக்டீரியா ஃபேஜ்களின் பொதுத் தரவுத்தளத்தில் இப்போது இருபதாயிரத்துக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அது போதாது.

நம் கல்லூரிகளில் இதைச் செய்ய முடியுமா என்று இங்கே வரும்போது ஒரு பேராசிரியர் கேட்டார். முதல் பருவத்து வேலைக்கு என்ன வேண்டும்? ஆட்டோகிளேவ், இன்குபேட்டர், குலுக்கும் கருவி, வடிகட்டி, பிப்பெட், அகார். நுண்ணுயிரியல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் இருப்பவை. நோய் தராத பாக்டீரியா இரையைச் சண்டிகரிலும் புனேயிலும் உள்ள நுண்ணுயிர்ச் சேமிப்பு மையங்களிலிருந்து வாங்கலாம். ஸ்மெக்மாட்டிஸ்தான் வேண்டும் என்பதில்லை. நிலக்கடலை வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியத்தை வைத்துக்கூட மாணவர்கள் தேடலாம். கடலைக்கொல்லை மண்ணுக்கா நம் ஊரில் பஞ்சம்? எலக்ட்ரான் நுண்ணோக்கியையும் ஜீனோம் வாசிப்பையும் வெளியில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஒரு ஃபேஜ் படித்தாலும் நஷ்டமில்லை.

எனக்கு உள்ள கவலை கருவியைப் பற்றியது அல்ல. மூன்று ஆண்டு கழித்து அந்த மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார், உதவிப் பேராசிரியர் வேறு ஊருக்கு மாறிவிடுவார். அப்போது குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் சொல்ல யார் இருப்பார்கள்? ஆகவே தொடங்குவதற்கு முன்பே மூன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாதிரி எடுத்த குறிப்பேடு மாணவருடையது ஆகக் கூடாது, துறையுடையதாக இருக்க வேண்டும்; அட்டை போட்டு, பக்க எண் போட்டு. ஃபேஜ் சாற்றை ஒரே குழாயில் வைக்காதீர்கள். 4 டிகிரியில் ஒன்று, கிளிசரால் சேர்த்து மைனஸ் 80-இல் இரண்டு, முடிந்தால் வேறொரு கல்லூரியில் ஒன்று. மின்வெட்டு வந்தால் எந்தப் பெட்டி ஜெனரேட்டரில் ஓடும் என்பதை முதல்வரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்முறைக்கு ‘சீ-ஃபேஜஸ்’ குழுவின் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிப்படியாக, படங்களோடு இருக்கிறது. மழை விட்டு இரண்டு நாள் ஆன மண்ணாகப் பார்த்து எடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.